பொங்காத மூன்றாம் டேங்க்

ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மேனேஜர் போன் செய்தார். வந்து பேச முடியாது என்றேன். முழங்கால்கள் இரண்டும் விஜயநகர் வீட்டை விட்டு வெளியே வர மறுக்கின்றன, வாய்க்கும் அலுத்துவிட்டது. எழுதித் தருகிறேன். நேரமிருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் டேங்க் கழுவும்போது ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்ற மூவரும் வேலையைப் பாருங்கள்.

ஒயின் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களிடம் பட்டம் இருக்கிறது, எனக்குப் பெயர்கூடத் தெரியாத கருவிகள் இருக்கின்றன. நான் படித்தது வெறும் வேதியியல். அப்பா மண்டி மொஹல்லாவில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருந்தார். மகன் ஒயின் ஆலையில் இருக்கிறான் என்பதைக் கடைசிவரை அவர் வாயால் சொல்லவில்லை. "ஜூஸ் கம்பெனி" என்றே சமாளித்துவிட்டார். அந்த ஜூஸ் கம்பெனியில்தான் என் தலைமுடி முழுக்கக் கொட்டியது. நான் நல்ல ஒயின் செய்தேன் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். என் தப்புகளை நானேதான் சொல்லியாக வேண்டும். நிறைய இருக்கின்றன. ஒன்று மட்டும் இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது.

ராமாபுரத்துப் பக்கம் ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். எல்லாரும் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் பங்காளிகள். பூச்சி மருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் பன்னீர் திராட்சை போடுவது என்று கிளம்பியவர்கள். அவர்களை வெளியிலிருந்து யாரும் வந்து சோதிப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏழு பேரும் உட்கார்ந்து, ஒருவர் தோட்டத்துக்கு மற்ற ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள், அதுதான் சான்றிதழ். "இந்தக் கொடியில் மருந்து படவில்லை, நாங்கள் சாட்சி" என்பதுதான் அதன் பொருள். ஒருவர் திருட்டுத்தனமாக மருந்தடித்து, அது மற்றவர்களுக்குத் தெரிந்தும் மூடி மறைத்தார்கள் என்று ஆகிவிட்டால் ஏழு பேருடைய சான்றிதழும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம்.

அந்தக் குழுவில் மாதம்மாள் ஒருவர்தான் பெண். கணவர் பெருமாள் அதிகம் பேசமாட்டார். கூட நின்று வேலை செய்வார். தோட்டம் மாதம்மாளின் பேச்சுக்குத்தான் கட்டுப்பட்டது. நான் போகும்போதெல்லாம் ஒரு கொத்தைப் பறித்து என் கையில் திணிப்பார்.

"தின்னுங்க சார். கழுவ வேண்டீதில்லீங்க. இந்த ஊர்ல கழுவாமத் திங்கற திராட்ச எங்கூட்டுது மட்டுந்தானுங்க" என்பார். மற்ற ஆறு பேரும் அதையேதான் சொல்வார்கள் என்று நான் கிண்டல் செய்தால், "அவீங்க சொல்லுவாங்க, நாந் திம்பனுங்க" என்று தானும் நாலு பழத்தை வாயில் போட்டுக்கொள்வார்.

நானும் அப்படியே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தால் என் கை என்னைக் கேட்காமலே கொடிக்குப் போகும்.

அந்த வருடம் நம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. பாக்கெட் ஈஸ்ட் போடாமல், பழத்தோடு வரும் ஈஸ்டைக் கொண்டே சாற்றைப் பொங்கவைத்து ஒரு டேங்க் ஒயின் செய்ய வேண்டும். மாதம்மாளின் தோட்டத்துப் பழம் மட்டுமே அதில் போக வேண்டும். பாட்டிலில் அந்தத் தோட்டத்தின் பெயரையே போட வேண்டும். யோசனை என்னுடையதுதான். ஆசை அவருடையது என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் முதலாளியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மாதம்மாள் கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். திராட்சைத் தோலின்மேல் மாவு தூவியது மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு இருக்குமே, உங்களுக்குத் தெரியும், அதைக் கட்டை விரலால் துடைத்தார். விரலைப் பார்த்தார். முகம் சுளித்து, "இது என்னம்மா, மருந்தா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க சாமி!" என்று மாதம்மாள் பதறிவிட்டார்.

அது பழத்துக்குத் தானாக வரும் பூச்சு, நமக்கு வேண்டிய ஈஸ்ட் அதில்தான் ஒட்டியிருக்கிறது என்று நான் முதலாளிக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சரி சரி என்று தலையாட்டி, பழத்தை வாயில் போடாமல் பெருமாளிடம் கொடுத்துவிட்டு காருக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அந்த விளக்கத்தில் பாதியைத் தமிழில் மாதம்மாளிடமும் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன். பூச்சு தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை யார் சொல்லியிருப்பார்கள்?

அறுவடை வந்தது. அந்த நாட்களில் ஆலை எப்படி இருக்கும் என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, பார்ப்பீர்கள். மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மாதம்மாளின் வண்டி மதியம் வர வேண்டியது, பொழுது சாயும் நேரத்தில் வந்தது. கிரேட்டைத் திறந்தேன். பழம் கறுப்பு மணியாய்ப் பளபளவென்று மின்னியது. அடடா என்று இருந்தது. முதலாளி பார்த்தால் பூரித்துப்போவார் என்று நினைத்துக்கொண்டேன். மின்னக்கூடாத பழம் ஏன் மின்னுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அத்தனை வருட அனுபவம், அன்றைக்கு ஒரு ஓரமாய் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாங்கிய மூன்றாம் டேங்கில் அந்தப் பழத்தைப் போட்டோம். இரண்டு நாள் அசையவில்லை. இயற்கையாகப் பொங்குவது கொஞ்சம் தாமதமாகும், பொறுப்போம் என்றேன். மூன்றாம் நாள் ஏணியில் ஏறிக் காதை வைத்துக் கேட்டேன். நாலாம் நாள் இரண்டு தடவை ஏறினேன். ஐந்தாம் நாள் காலையில் ஏறியபோது சாற்றிலிருந்து லேசாக ஒரு புளித்த வாடை வந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் டேங்க் முழுவதும் வினிகர்.

பழத்தில் ஈஸ்ட் செத்திருக்கிறது என்றால், கொன்றது என்ன? பூஞ்சை மருந்துதான், ஈஸ்டும் ஒரு பூஞ்சைதானே என்று மனசு சட்டென்று சொன்னது. அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் அந்தப் பக்கம் மழை பெய்திருந்தது. மழைக்குப் பின் கொடியில் பூஞ்சை வரும், பயந்து மருந்தடித்திருப்பார். எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. தப்பான முடிவுகள் எப்போதும் நன்றாகப் பொருந்தித்தான் வரும்.

சாற்றைப் பரிசோதனைக்குப் பெங்களூருக்கு அனுப்பினேன். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஆனால் மறுநாள் ராமாபுரத்தில் குழுவின் வருடக் கூட்டம், கையெழுத்துப் போடும் நாள்.

முதலாளி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு அவர்கள் கையெழுத்துப் போட்டு, பத்து நாள் கழித்து மருந்து என்று முடிவு வந்தால்? நமக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஆகுமே. ஏழு பேரும் போவார்கள், நம் பெயரும் போகும். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவரைக் காப்பாற்றப் போய் ஆறு பேரை இழக்க முடியுமா? இப்படித்தான் நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் களைப்பு. ராமாபுரம் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். போயிருந்தால் மாதம்மாளின் முகத்தைப் பார்த்து, "பழத்தை என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். போகவில்லை. மறுநாள் கூட்டம் நடக்கும்போது குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் பெருமாளுக்குப் பெரியப்பா மகன். "எல்லாருங் கேக்கட்டுமுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

சொன்னேன். மூன்றாம் டேங்க் பொங்கவில்லை, மருந்து பட்ட பழம் என்று சந்தேகப்படுகிறேன் என்றேன். சந்தேகம் என்ற சொல்லை நான் சேர்த்துத்தான் சொன்னேன். அங்கே அது யார் காதிலும் விழுந்திருக்காது.

பிறகு மாதம்மாளின் குரல்.

"சாருங்க, நான் மருந்தடிக்கலீங்க."

"அப்புறம் ஏன் மாதம்மா டேங்க் பொங்கவில்லை?"

"எனக்கென்னங்க தெரியும் உங்க டேங்க் சமாச்சாரம்? குடும்பமே ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்து, எத்தன பாடுபட்டு அனுப்பிச்சமுங்க…"

எல்லா விவசாயிகளும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அறுவடைக்கு எதற்கு இரண்டு நாள், அந்தச் சின்னத் தோட்டத்துக்கு ஒரே நாள் போதுமே என்று கேட்கவில்லை. "ரிசல்ட் வரட்டும் மாதம்மா, பார்ப்போம்" என்று போனை வைத்தேன்.

அவர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு பேரும் தங்களுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, மாதம்மாளின் தாளை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று மாலையே டேங்கில் பாக்கெட் ஈஸ்டைப் போட்டேன். மறுநாள் காலையில் டேங்க் நுரைத்துக்கொண்டு பொங்கியது. இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். மருந்து இருந்திருந்தால் பாக்கெட் ஈஸ்டும் திணறியிருக்கும். அது ஒரே ராத்திரியில் பொங்குகிறது என்றால் சாற்றில் விஷமில்லை, பழத்தோடு வர வேண்டிய ஈஸ்ட்தான் வரவில்லை. முதல் வருட மாணவனுக்கே தெரிய வேண்டிய விஷயம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாடா, டேங்க் தப்பித்தது என்று உட்கார்ந்து காபி குடித்தேன்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. எந்த மருந்தும் இல்லை. நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அன்றைக்கு வேறொரு தோட்டத்துப் பழத்தை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் மாதேவாவைக் கூப்பிட்டேன். நஞ்சன்கூட்டுக்காரர், தமிழைக் கன்னடத்தில் பேசுவார். "மாதம்மா வீட்டு லோடு அன்னைக்கு ஏன் லேட்டு?" என்று கேட்டேன்.

"அதா சார்? கழுவுறாங்க அல்லவா! நான் போறப்பவே சிமெண்ட் தொட்டியில மஞ்சளும் உப்பும் போட்டு, கொத்து கொத்தா, கூசு, கைக்கொழந்தைங்களக் குளிப்பாட்டற மாதிரி. மூணு தண்ணி சார். அப்புறம் சீலைய விரிச்சு நெழல்ல காய வெச்சு, மேல ஒரு பொட்டு வெள்ளை இல்லாம துணியில துடைச்சாங்க. அரை தினம் காத்துட்டிருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை மாதேவா?"

"நீங்க கேக்கலியே சார்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் கிரேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன், அப்பாவின் மகனல்லவா.

அந்த வெள்ளைப் பூச்சை மருந்து என்று நம் முதலாளி முகம் சுளித்தார். அப்படி ஒரு சொல் இன்னொரு தடவை வரக்கூடாது என்று அந்தக் குடும்பம் இரண்டு நாள் உட்கார்ந்து அதைத் துடைத்து எடுத்திருக்கிறது. துடைத்ததால்தான் டேங்க் பொங்கவில்லை. பொங்காததால்தான் மருந்தடித்தவள் என்று நான் சொன்னேன்.

உடனே குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். "அப்படீங்களா" என்றார். "கையெழுத்தெல்லாம் போட்டு அனுப்பிச்சாச்சுங்களே சார். இனி அடுத்த வருசந்தானுங்க பாக்கோணும்" என்றார். முதலாளியும் அதையேதான் சொன்னார், அடுத்த வருடம் பார்க்கலாம். மாதம்மாளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பரிசோதனைத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

அப்போதே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் போக ஆறு மாதம் ஆனது. அறுவடை முடியட்டும், பாட்டிலில் அடைத்து முடியட்டும், முழங்கால் வலி குறையட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். தப்பு செய்ய ஒரு போன் போதுமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்குக் கால் நன்றாக இருக்க வேண்டியிருந்தது.

நான் போனபோது அடுத்த காய்ப்பு அறுவடைக்குத் தயாராக இருந்தது. கொடி நிறையக் கொத்துகள், இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பந்தலில் அத்தனை காய்ப்பை நான் பார்த்ததே இல்லை. பெருமாள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மாதம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினேன்.

"உங்கள்மேல் தப்பில்லை மாதம்மா. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ள வேண்டும்."

அவர் தாளை வாங்கி, படிக்காமல் நான்காக மடித்தார்.

"இத நான் எங்கீங்க சார் காட்டறது? ஒரு எழவுக்குப் போனா, ஒரு கல்யாணத்துக்குப் போனா, மருந்துக்காரி வாரான்னு எங்க பங்காளிக பேசறாங்க. ஒவ்வொரு எடத்துலயும் இதப் பிரிச்சுப் படிச்சுக் காட்டவாங்க?"

"நான் குழுவில் பேசுகிறேன். அடுத்த வருடம் கட்டாயம்…"

"வேண்டாமுங்க." குரல் உயரவில்லை. "அந்தப் பெரிய சாரு வெரல்ல தொடச்சுப் பாத்தாருங்களே, அன்னிக்கு எனக்குச் சுருக்குனு இருந்துச்சுங்க. நாம அடிக்காத மருந்துக்கு எதுக்குப் பேரு கேக்கோணும்னுதானுங்க தேச்சுத் தேச்சுக் கழுவுனம். அதுக்கும் அதே பேருதான் வந்துச்சு. அடிச்சாலும் அதே பேரு, அடிக்காட்டியும் அதே பேரு. அப்புறம் எதுக்குங்க பூச்சிக்கு வளத்தி விடோணும்? இவரு போயி ஸ்பிரேயர் வாங்கிட்டு வந்துட்டாருங்க."

அப்போதுதான் வேலியோரம் பார்த்தேன். நீல நிறத் தெளிப்பான் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் காலி மருந்துப் புட்டிகள் வரிசையாக இருந்தன. வந்ததிலிருந்தே என் மூக்கில் ஒரு வாடை ஏறிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசிக்கவில்லை.

"நீங்க சொன்னப்ப அது பொய்யுங்க" என்றார் மாதம்மாள். "இப்ப நெசமாக்கிப்போட்டம். மார்க்கெட்டுக்காரரு நல்லாத்தானுங்க எடுத்துக்கறாரு."

எட்டு வருடம் மருந்து படாத மண் அது. தலையைக் குனிந்துகொண்டு பந்தலுக்குள் நடந்தேன், அவரும் கூட வந்தார். கொத்துகளின்மேல் வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. இந்தத் தடவை அதை யாரும் துடைக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனசு வராது. டேங்க் பொங்காவிட்டால் வேறு ஈஸ்ட் போடலாம், போனால் ஒரு டேங்க் போகும். ஆளைப் பற்றி ஒன்று சொல்வதற்கு முன்னால் அவருடைய தோட்டத்துக்குப் போங்கள். களைப்பாக இருந்தாலும் போங்கள். களைப்பாக இருக்கும் அன்றைக்குக் கட்டாயம் போங்கள். என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், ஏன் செய்தீர்கள் என்று கேளுங்கள், பதிலை முழுசாகக் கேட்டுவிட்டுப் போனை எடுங்கள்.

பந்தலுக்குள் நடந்தேன் என்றேனல்லவா? மன்னிப்பை இன்னொரு தடவை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய பழக்கம், கை தானாகக் கொடிக்குப் போயிருக்கிறது. ஒரு பழத்தைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனேன்.

மாதம்மாள் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு முறைதான். நன்றாக வலித்தது.

"வாயில வெச்சறாதீங்க சார்! முந்தாநேத்துத்தானுங்க அடிச்சது."

பழத்தை என் விரலிலிருந்து பிடுங்கி எறிந்தார். கிளம்பும்போது, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், பெருமாள் வீட்டுக்குள்ளிருந்து, முந்தாநாள் அடிப்பதற்கு முன்னால் பறித்திருந்த ஒரு பெட்டிப் பழத்தைக் கொண்டுவந்து காரில் வைத்தார். ஜன்னலில் குனிந்து மாதம்மாள் சொன்னார்:

"ஊட்டுல சொல்லி, மஞ்சளும் உப்பும் போட்டு மூணு தண்ணி கழுவிட்டுத் தின்னுங்க."